காதில் சொன்ன பேர்

என் மகளின் பேரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் படிக்கிற நீங்களும் உங்கள் பங்குக்கு அதை ஒரு விதமாகச் சொல்லிப் பார்ப்பீர்கள். ஏற்கெனவே எங்கள் தெருவில் அதற்கு அரை டஜன் விதம் இருக்கிறது, போதும். பழைய தமிழ்ச் சொல், நடுவில் ஒரு ழ வரும், எங்கள் பக்கத்தில் யாரும் வைக்காத பேர். அவ்வளவு தெரிந்தால் போதுமானது. அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு வயது நெருங்குகிறவரை ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. அவளுக்குக் காது கேட்கவில்லை என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. நாங்கள் பேரைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தோம்.

நான் வேலை பார்ப்பது புதுச்சேரி டவுனில் ஒரு கண் ஆஸ்பத்திரியில், ரிசப்ஷனில். காலையில் போய் உட்கார்ந்தால் சாயங்காலம்வரை வருகிறவர்களின் பேரைக் கூப்பிட்டுக்கொண்டிருப்பதுதான் என் பிழைப்பு. ஒரு பேரைச் சொன்னால் மூன்று பேர் எழுந்து வருவார்கள். அப்பா பேர் என்ன, எந்த ஊர் என்று கேட்டு இரண்டு பேரைத் திரும்ப உட்கார வைக்க வேண்டும். போய் உட்காருகிறவர் முகத்தைப் பார்த்தால் பாவமாக இருக்கும். தன்னைத்தான் கூப்பிட்டார்கள் என்று நம்பி எழுந்தவர் அல்லவா.

பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்கும் பெரியவர் ஒருவரும் வருவார். இப்படிப்பட்டவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அவர் பேரில் கடைசி எழுத்து எழுத்தில் உண்டு, வாயில் வரக்கூடாது. நான் ஒவ்வொரு தடவையும் அதையும் சேர்த்துச் சொல்லித் தொலைப்பேன். அவர் எழுந்திருக்கவே மாட்டார். கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எனக்கு ஞாபகம் வந்து சரியாகச் சொன்னதும், "வுய், மதாம்" என்று பிரெஞ்சில் ஆமாம் சொல்லிக் கைத்தடியை ஊன்றி எழுவார். எனக்கு எரிச்சலாக வந்தாலும் உள்ளுக்குள் பிடித்திருந்தது. பேர் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும், சரியாகச் சொன்னால் ஒழிய எழுந்திருக்கக் கூடாது என்று நினைத்துக்கொள்வேன். இப்போது அதை நினைத்தால் வாயில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

பேரை நான்தான் தேர்ந்தெடுத்தேன். குழந்தை வயிற்றில் இருக்கும்போதே, பெண்தான் என்று நானே முடிவு கட்டிக்கொண்டு தேர்ந்தெடுத்தேன். மூலக்குளத்திலிருந்து டவுனுக்கு வருகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வாய்க்குள்ளேயே சொல்லிச் சொல்லிப் பார்ப்பேன். பக்கத்து சீட்டு அம்மாள் நான் ஏதோ மந்திரம் சொல்கிறேன் என்று கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவரும் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்குது. ஆனா கோவம் வந்தா இத வெச்சுத் திட்ட முடியாது போலயே" என்றார். அதுதானே வேண்டும் என்றேன்.

எங்கள் வீடு கீழும் மேலுமாக இரண்டு போர்ஷன். மேலே நாங்கள், கீழே அண்ணி. அண்ணி என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா. அவருடைய புருஷன் வேலை பார்த்த மில் மூடியபோது ஒரு கிரைண்டர் வாங்கிப் போட்டு இட்லி மாவு ஆட்டி விற்க ஆரம்பித்தவர். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகும் கிரைண்டர் நிற்கவில்லை. எனக்கு அம்மா இல்லை. பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் கூட இருந்ததும், பத்தியம் வைத்ததும், பச்சை உடம்புக்காரி என்று என்னைத் தண்ணீரில் கை வைக்க விடாமல் பார்த்துக்கொண்டதும் அவர்தான். இதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே சொல்ல வேண்டும். ஏனென்றால் அப்படிப்பட்டவரை நான் நாலு பேருக்கு முன்னால் குட்டினேன்.

எங்களில் பேர் வைக்கிற அன்று குழந்தையைத் தொட்டிலில் போட்டு, அத்தைக்காரி குனிந்து காதில் மூன்று முறை பேரைச் சொல்ல வேண்டும். அத்தை சொல்லித்தான் பேர் குழந்தைக்குள் இறங்கும் என்பார்கள். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் கூப்பிடலாம். அண்ணி பட்டுச் சேலை கட்டி, புது வளையல் போட்டு, வெற்றிலையால் வாயை மறைத்துக்கொண்டு குனிந்தார். முதல் தடவை ழ இருக்கிற இடத்தில் ய வந்தது. எங்கள் பக்கத்தில் பாதிப் பேருக்கு அப்படித்தான் வரும். "அண்ணி, அப்படியில்ல" என்று சொல்லிக்காட்டினேன். இரண்டாம் தடவையும் ய. "நாக்க மடிக்கணும் அண்ணி" என்றேன். வந்திருந்தவர்கள் சிரித்தார்கள். மூன்றாம் தடவை அவர் சொன்னதே வெளியில் கேட்கவில்லை. உதடு அசைந்தது, அவ்வளவுதான். நிமிர்ந்தபோது முகம் தொங்கிப் போயிருந்தது.

அதோடு நான் நிறுத்தினேனா? இல்லை. தெருவில் ஒருத்தி ல போட்டுக் கூப்பிட்டாள், தடுப்பூசி போடும் நர்ஸ் பேரை இரண்டாக ஒடித்து நடுவில் மூச்சு வாங்கினார், எதிர்வீட்டு வாட்ச்மேன் ஸ போட்டு அதை வேறு யாருடைய பேராகவோ ஆக்கிவிட்டார். நான் ஒருத்தரையும் விடவில்லை. சிரித்துக்கொண்டே திருத்துவேன், ஆனால் திருத்தாமல் விடமாட்டேன். கொஞ்ச நாளில் பாதிப் பேர் பேரைச் சொல்வதையே விட்டுவிட்டு பாப்பா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அதற்கும் எனக்குக் கோபம்தான்.

இதற்கிடையில் குழந்தை வளர்ந்தாள். நல்ல குழந்தை. கீழே கிரைண்டர் ஓடிக்கொண்டிருக்கும், பக்கத்திலேயே பாயில் போட்டால் அயர்ந்து தூங்குவாள். மாவு வாங்க வருகிறவர்கள், "இந்தச் சத்தத்துல தூங்குது பாரு, சமத்து" என்று கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போவார்கள். நானும் பெருமைப்பட்டேன். ஆஸ்பத்திரியில் கூட வேலை செய்கிற பெண்களிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தேன்.

பிறந்ததும் அவளுக்கு மஞ்சள் காமாலை அதிகமாகி, கண்ணைக் கட்டி நீல விளக்கடியில் வைத்திருந்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது காதுக்கும் ஒரு டெஸ்ட் எடுத்துவிடுங்கள் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். அது மழைக்காலம். தெருவில் முழங்கால் தண்ணீர். கைக்குழந்தையை வெளியில் எடுக்காதே என்றார் அண்ணி. மழை விட்டது, மஞ்சள் இறங்கியது, குழந்தை பால் குடித்துக் கொழுகொழுவென்று ஆனாள். அந்தச் சந்தோஷத்தில் காது யாருக்கு ஞாபகம் இருந்தது.

பக்கத்து வீட்டில் எங்களுக்கு இரண்டு மாதம் பின்னால் ஒரு குழந்தை பிறந்தது. அது பேர் சொன்னால் வெடுக்கென்று தலையைத் திருப்பும், சிரிக்கும். எங்கள் வீட்டுக் குழந்தை எதிரில் வந்து நின்றால் சிரிப்பாள். முதுகுப்பக்கம் நின்று எவ்வளவு கூப்பிட்டாலும் தன் பாட்டுக்குத் தரையில் கிடக்கிற எதையோ பொறுக்கிக்கொண்டிருப்பாள். முதலில் விளையாட்டுக் குணம் என்றோம். பிறகு பிடிவாதம் என்றோம், அம்மாவைக் கொண்டு பிறந்திருக்கிறாள் என்றார் வீட்டுக்காரர். காதில் கோளாறு இருக்குமோ என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் தீபாவளிக்குத் தெருவில் பெரிய வெடி வைத்தபோது அவள் துள்ளி விழுந்து அழுதாளே. மாடிக் கதவு காற்றில் அறைந்தால் திரும்பினாளே. கீழே அண்ணி அம்மிக்கல்லைப் புரட்டினால்கூடத் திரும்பினாளே. எல்லாவற்றுக்கும் திரும்புகிற குழந்தை பேருக்கு மட்டும் திரும்பவில்லை என்றால் கோளாறு எதில் இருக்கும்? பேரில்தான் இருக்கும். நாங்கள் இப்படித்தான் கணக்குப் போட்டோம். தெருவும் அப்படியேதான் போட்டது.

"வாயில நொழயாத பேரு காதுல எப்புடி நொழயும்? ஆளுக்கு ஒண்ணா கூப்புட்டா கொழந்த எதுக்குன்னு திரும்பும்?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி, என் காதுபடவே. எனக்குச் சுருக்கென்றது. தப்பாகக் கூப்பிடுவது நீங்கள், பழி என் பேர்மேலா என்று மல்லுக்கு நின்றேன். அன்றைக்கு ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. அவள் சொன்னது சரியாக இருக்குமோ என்ற பயம்தான் காரணம். ஒரு குழந்தைக்கு ஆறு விதமாகப் பேர் சொன்னால் அதில் எது தன்னுடையது என்று அது எப்படிக் கண்டுபிடிக்கும்?

மறுநாள் மாவு எடுத்துவரக் கீழே போனபோது அண்ணி கிரைண்டரை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தார். கையெல்லாம் மாவு.

"நாந்தாம்மா சரியா சொல்லல" என்றார்.

"என்ன அண்ணி?"

"பேரு வெச்ச அன்னிக்கு. மூணாவது வாட்டி நான் சொல்லவே இல்ல. வாய மட்டும் அசச்சேன். நீ திரும்பவும் எதுனா சொல்லப் போறன்னு பயந்துக்கினு சொல்லாம வுட்டுட்டேன். கொழந்தைக்குப் பேரு எறங்கல. அதான் திரும்ப மாட்டேங்குறா."

அப்படியெல்லாம் இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் அழ ஆரம்பித்தார். இத்தனை மாதமாக அவர் அதை மனதில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்திருக்கிறார். வீராம்பட்டினத்து அம்மனுக்கு வேண்டிக்கொண்டிருப்பதாகவும், அங்கே வைத்து வேறு ஒரு லேசான பேரைக் காதில் சொல்லிவிடலாம் என்றும் கேட்டார். ஏதாவது ஓர் அம்மன் பேராகவே இருக்கட்டும், வீட்டுக்குள் கூப்பிட மட்டும் என்றார்.

என் மகளுக்கு ஒரு பேர் போதும் என்று சொல்லிவிட்டு மாவை எடுத்துக்கொண்டு மேலே வந்துவிட்டேன். வீட்டுக்காரர் இரண்டு பக்கமும் இடி வாங்கினார். கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். பேரை மாற்ற வேண்டாம். அதே பேரை அம்மன் சன்னதியில் அக்கா இன்னொரு தடவை சரியாகச் சொல்லட்டும். நானும் அண்ணியும் ஒத்துக்கொண்டோம். எனக்கு அதில் நம்பிக்கை இருந்ததா என்றால், இருந்தது. படித்தவள்தான், ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவள்தான். ஆனாலும் நம்பினேன்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் எங்கள் வீட்டில் ஒரே கூத்து. "நாக்க மடிச்சு மேல கொண்டு போங்க அண்ணி, ஆனா தொடக்கூடாது" என்பேன். "தொடாம எப்பிடிம்மா சத்தம் வரும்? வாயப்பயம்னு சொல்லிக்கினே வளந்த வாயி இது" என்பார். கிரைண்டருக்கு அரிசி அள்ளிப் போட்டுக்கொண்டே சொல்லிப் பார்ப்பார். மாவு வாங்க வந்தவர்களும் கையில் பாத்திரத்தோடு நின்று ஆளுக்கு ஒரு தடவை நாக்கை மடித்துப் பார்த்தார்கள். ஒரு நாள் அண்ணிக்கு அது வந்தேவிட்டது. மாடிப்படியில் நின்று என்னைக் கூப்பிட்டுச் சொல்லிக்காட்டினார். வயசான மனுஷி, பரீட்சையில் பாஸான பிள்ளைபோல் நின்றார். வீட்டுக்காரரும் சேர்ந்து நாங்கள் மூன்று பேரும் அன்றைக்கு எவ்வளவு சிரித்தோம் என்று நினைத்தால் இப்போது வயிறு எரிகிறது. குழந்தை நடுவில் உட்கார்ந்து எங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீராம்பட்டினத்துக்குப் போனது ஒரு சாதாரண நாள். ஆடித் தேர்க் கூட்டம் எதுவும் இல்லை. வீட்டுக்காரருக்கு ஷிப்ட் இருந்ததால் நானும் அண்ணியும்தான் குழந்தையோடு ஆட்டோவில் போனோம். ஆட்டோ குலுக்கலில் குழந்தை என் தோளில் தூங்கிவிட்டாள். பூஜையின்போது பூசாரி மணி அடித்தார். குழந்தை அசையவில்லை. "நல்ல தூக்கம்" என்றார் அவர், விபூதி வைத்துக்கொண்டே. சன்னதிக்கு வெளியே மண்டபத்தில் நின்றோம். நாலைந்து பெண்கள் உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பிரசாதத்துக்காக ஒரு குடும்பம் காத்திருந்தது.

எழுப்பலாமா என்று கேட்டேன். வேண்டாம், தூக்கத்தில் சொன்னால் இன்னும் நன்றாக இறங்கும் என்றார் அண்ணி. முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு என் தோள்பக்கம் வந்து, குழந்தையின் காதுக்கு நேராகக் குனிந்து சொன்னார். சுத்தமாக வந்தது. ழ அவ்வளவு அழகாக உட்கார்ந்தது. எனக்கே கண் கலங்கியது. இரண்டாம் தடவை கொஞ்சம் சத்தமாகச் சொன்னார். மூன்றாம் தடவைக்கு முன்னால் ஒரு நிமிஷம் கண்ணை மூடி நின்றார். அன்றைக்கு விழுங்கியதற்கும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, அடிவயிற்றிலிருந்து கத்திவிட்டார். என் காது அடைத்துக்கொண்டது. பூக் கட்டிக்கொண்டிருந்த பெண்கள் திரும்பினார்கள். அந்தக் குடும்பம் முழுக்கத் திரும்பியது. சன்னதிக்குள்ளிருந்து பூசாரி எட்டிப் பார்த்தார்.

என் கழுத்தில் குழந்தையின் மூச்சு அதே மாதிரி போய்வந்துகொண்டிருந்தது. ஒரு விரல்கூட அசையவில்லை.

யாரோ சிரித்தார்கள். அண்ணி சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். அவர் மெதுவாக இரண்டு கையையும் தூக்கிக் குழந்தையின் காதுக்குப் பக்கத்தில் பலமாக ஒரு தட்டு தட்டினார். இன்னொன்று தட்டினார்.

"ஏம்மா, இவளுக்கு…" என்று ஆரம்பித்தார்.

"வாய மூடுங்க அண்ணி" என்றேன்.

அவர் மூடிக்கொண்டார். ஆட்டோ பிடித்துத் திரும்பினோம். குழந்தை பாதி வழியில் தானாக விழித்துக்கொண்டு, என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் வந்தது.

வீட்டுக்காரர் நம்ப மறுத்தார். குழந்தையைத் தரையில் உட்கார வைத்துவிட்டு, பின்னால் போய் ஒரு எவர்சில்வர் தட்டைப் போட்டார். அவள் சட்டென்று திரும்பினாள். "பாத்தியா, பாத்தியா!" என்று என்னை அதட்டினார். அண்ணி குனிந்து அந்தத் தட்டை எடுத்து, தரையில் படாமல் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, குழந்தையின் முதுகுக்குப் பின்னால் கரண்டியால் அடித்தார். அடித்துக்கொண்டே இருந்தார். தெருவே கேட்டிருக்கும். குழந்தை கால் விரலை இழுத்து விளையாடிக்கொண்டிருந்தாள். அவள் அதுவரை திரும்பியதெல்லாம் தரையின் அதிர்வுக்கு என்பது எங்களுக்கு அப்போதுதான் விளங்கியது. கதவு, அம்மிக்கல், வெடி எல்லாமே அப்படித்தான். வீட்டுக்காரர் அண்ணியின் கையிலிருந்து கரண்டியைப் பிடுங்கினார். பிறகு அவரும் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

டெஸ்ட் எடுத்தார்கள். தூங்க வைத்து, தலையில் ஒயர் ஒட்டி எடுக்கிற டெஸ்ட். இரண்டு காதிலும் கேட்கும் திறன் மிகக் குறைவு, பெரும்பாலும் அந்த மஞ்சள் காமாலையால் இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்கள். காது மிஷின் போட்டு, பயிற்சி கொடுத்துப் பார்க்கலாம், போதவில்லை என்றால் ஆபரேஷன் என்றார்கள். முன்னாடியே ஏன் கொண்டுவரவில்லை என்று கேட்டார் டாக்டர். பேர் சரியில்லை என்று நினைத்தோம் என்று சொல்ல முடியுமா? மழை என்றேன்.

பயிற்சி கொடுக்கிறவர் என்னைவிடச் சின்னப் பெண். முதல் நாளே பேரைக் கேட்டார். சொன்னேன். ஒரே தடவையில் சரியாகச் சொன்னார். வேறு சமயமாக இருந்தால் கட்டிப் பிடித்திருப்பேன். மிஷின் போட்டாலும் இப்போதைக்கு இவளுக்கு ஆ, ஓ மாதிரி வாயைத் திறந்து சொல்கிற ஒலிகள்தான் முதலில் எட்டும், மெல்லிய எழுத்துகளெல்லாம் பிரிந்து கேட்க ரொம்ப நாளாகும், கேட்காமலும் போகலாம் என்று விளக்கினார். "அப்போ பேர் நடுவுல வர்றது?" என்று கேட்டேன். "இப்போதைக்கு நீங்க எப்படிச் சொன்னாலும் அவளுக்கு ஒண்ணுதாங்க" என்றார். அவர் ஆறுதலுக்காகத்தான் சொன்னார். நான் பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். எத்தனை பேரிடம் சண்டை போட்டேன், அண்ணியை எப்படிப் பாடாய்ப் படுத்தினேன், எல்லாம் யாருக்காக?

மிஷின் போட்ட பிறகும் உடனே ஒன்றும் நடக்கவில்லை. பிடுங்கிப் பிடுங்கி எறிவாள், நாங்கள் மாட்டி மாட்டி விடுவோம். வாரக்கணக்காக இதே பாடு. ஒரு நாள் காலையில் அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். நான் வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில், நம்பிக்கை எதுவும் இல்லாமல், பழக்க தோஷத்தில் கூப்பிட்டேன். திரும்பினாள். வெளிச்சமோ அதிர்வோ எதுவுமில்லை. பேருக்குத் திரும்பினாள். நான் அலறிய அலறலில் அண்ணி மாவுக் கையோடு படியேறி ஓடிவந்தார். அவர் கூப்பிட்டார். அவருக்கும் திரும்பினாள். அன்றைக்கு நான் வேலைக்குப் போகவில்லை.

அன்றிலிருந்து வீட்டில் வேறு வேலையே இல்லை. ஆளாளுக்கு ஒளிந்து நின்று கூப்பிட்டோம். வீட்டுக்காரர் செல்போனில் படம் பிடித்தபடி கூப்பிட்டார். பக்கத்து வீட்டுக்காரி வாசலில் நின்று, ல போட்டுக் கூப்பிட்டாள், அவளுக்கும் திரும்பினாள். ஆஸ்பத்திரியிலிருந்து வீடியோ காலில் பெண்கள் கூட்டமாகக் கூப்பிட்டார்கள். திரும்பியதும் எல்லோரும் கை தட்டினோம். கை தட்டிவிட்டு, மறுபடி திரும்புகிறாளா என்று மறுபடி கூப்பிட்டோம்.

பிறகு ஒரு நாள் அவள் திரும்பவில்லை. மறுநாளும் இல்லை. மிஷினில் பேட்டரி மாற்றிப் பார்த்தோம். காதில் அழுக்கா என்று பார்த்தோம். இருந்த கொஞ்சமும் போய்விட்டது என்றே நினைத்தேன். வேலையைப் போட்டுவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பயிற்சிப் பெண் சோதித்துப் பார்த்துவிட்டு மிஷினும் சரியாக இருக்கிறது, கேட்பதும் முன்பு போலத்தான் இருக்கிறது என்றார். பின்னே ஏன் திரும்ப மாட்டேன் என்கிறாள் என்றேன்.

"கூப்பிட்டு என்ன சொல்லுவீங்க?" என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்ல மேடம். சும்மா, திரும்புறாளான்னு பாக்க."

"ஒரு நாளைக்கு எத்தன தடவ?"

நான் குழந்தையின் மிஷினைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன். அவர் குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே பேசினார். குரலில் கோபமெல்லாம் இல்லை. "அவ திரும்பிப் பாத்தா அங்க எதுனா இருக்கணும்ல. சாப்பாடு, பொம்மை, ஒரு வார்த்தை. ஒண்ணுமே இல்லாம எத்தன தடவதான் திரும்புவா? உங்கள யாராவது தினம் அப்படிக் கூப்பிட்டா நீங்க திரும்புவீங்களா?"

ஆஸ்பத்திரியில் தன்னைக் கூப்பிடவில்லை என்று தெரிந்து திரும்பப் போய் உட்காருகிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன். பாவமாக இருக்கிறது என்று வேறு சொல்லிக்கொள்கிறேன். என் வீட்டுக்குள்ளேயே அவளை அப்படி நாளெல்லாம் எழுப்பி எழுப்பி உட்கார வைத்துக்கொண்டிருந்தோம். வீட்டில் எல்லோருக்கும் உத்தரவு போட்டேன், சொல்ல எதுவும் இல்லாமல் அவள் பேரை யாரும் வாயால் எடுக்கக் கூடாது என்று. அண்ணிதான் ரொம்பக் கஷ்டப்பட்டார். கூப்பிட வாயைத் திறந்துவிட்டு, கையில் ஒன்றும் இல்லாததைப் பார்த்துவிட்டு மூடிக்கொள்வார். எனக்கும் அப்படித்தான். சும்மா கூப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று வருகிற ஆசையை அடக்குவது லேசில்லை. இன்றைக்குக் கேட்கிறதா, நேற்றைக்கு மாதிரியே கேட்கிறதா என்ற பயம் காலையில் எழுந்ததும் வந்து உட்கார்ந்துகொள்ளும். கொஞ்சம் கொஞ்சமாக அவள் மறுபடி திரும்ப ஆரம்பித்தாள்.

இப்போது அவளுக்கு மூன்று வயது தாண்டிவிட்டது. ஆபரேஷன் வேண்டுமா, மிஷின் போதுமா என்பது இன்னும் முடிவாகவில்லை. வார்த்தைகள் விரல்விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான். தண்ணீர் கேட்பாள், வேண்டாம் சொல்வாள், அத்தையைக் கூப்பிடுவாள். என்னைக் கூப்பிட ஆரம்பித்து ரொம்ப நாளாகவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். அவள் படிக்கட்டு நிழலில் கிளிப்புகளைக் கொட்டி வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். "ம்மா" என்றாள். திரும்பி என்னடா என்றேன். ஒன்றும் சொல்லவில்லை. என்னைப் பார்த்தாள், பிறகு குனிந்து கிளிப்பை எடுத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி "ம்மா". தண்ணீர் வேணுமா, பசிக்குதா, எறும்பு கடிச்சுதா என்று எல்லாம் கேட்டேன். எதுவும் இல்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் வேலைக்குப் போய்விட்டாள். மூன்றாம் தடவைதான் எனக்கு உறைத்தது. நான் திரும்புகிறேனா என்று பார்க்கிறாள். கூப்பிடுவது என்றால் இதற்குத்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள், நாங்கள்தானே அப்படிக் கற்றுக்கொடுத்தோம்.

கீழேயிருந்து அண்ணி குரல் கொடுத்தார். "கொழந்த கூப்புடுறா பாரு, இன்னான்னு கேளு."

"ஒண்ணுமில்ல அண்ணி. சும்மா கூப்புடுறா" என்றேன்.

மறுபடியும் "ம்மா" என்றாள். பிழிந்த துணி கையிலேயே இருக்கத் திரும்பினேன்.